கேழ்வரகுக் குலைநோய்ப் பூஞ்சாணமும் அதன் ஓரிரவு வேலையும்

பென்னாகரம் தாலுகாவின் மானாவாரி நிலங்களுக்கு ஏற்ற பயிர்களுள் கேழ்வரகு முதன்மையானது. காவிரி ஒகேனக்கல்லில் இத்தாலுகாவைத் தொட்டுச் சென்றபோதிலும், ஆறு பள்ளத்திலும் வயல்கள் மேட்டிலும் இருக்கிறபடியால், பெரும்பாலான நிலங்கள் மழையையும் கிணற்றையுமே நம்பியிருக்கின்றன. ஆடியில் விதைத்த கேழ்வரகு ஐப்பசி, கார்த்திகையில் கதிர் முற்றி அறுப்புக்கு வருகிறது. களிக்கும் கூழுக்கும் வீட்டில் வைத்துக்கொண்டது போக மீதி விற்பனைக்குப் போகிறது. 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் தர்மபுரி, நீலகிரி ஆகிய இரு ஜில்லாக்களில் ரேஷன் அட்டைக்கு அரிசியில் 2 கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியபோது, இத்தானியத்துக்குப் புதியதொரு மதிப்பும் உண்டாயிற்று.

இப்பயிருக்கு நேரிடும் நஷ்டங்களுள் குலைநோயால் வருவதே பெரிது. நன்றாய்க் கதிர் வாங்கி நிற்கும் வயல், அறுப்புக்கு மூன்று வாரம் இருக்கையில், கழுத்துக் கறுத்துக் கதிர் சாய்ந்து பதராகிவிடுகிறது. அதைக் கண்ட பின்பு விவசாயி மருந்துக் கடைக்கு ஓடுகிறார்; கடன்பட்டு மருந்து தெளிக்கிறார்; கறுத்த கழுத்து பச்சையாவதில்லை. பயிரும் போய்ச் செலவும் ஏறுகிறது. மருந்து போலியென்று சிலரும், பனி விழுந்து கருகிவிட்டதென்று சிலரும் சொல்வதுண்டு. பனியைக் குறை கூறுவோர் சொல்லில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதி யாதென்பதை அறிய, நோயை உண்டாக்கும் பூஞ்சாணத்தின் வாழ்க்கையை அறிந்துகொள்ளுதல் அவசியம்.

நோயின் குறிகள்

குலைநோய் நாற்றங்கால் முதல் அறுப்பு வரையில் எப்பருவத்திலும் தோன்றக் கூடியது. இலையில் அது கண் வடிவமான புள்ளியாய்த் தோன்றும். புள்ளியின் இரு முனைகளும் கூர்மையாகவும், ஓரம் பழுப்பாகவும், நடுவிடம் சாம்பல் நிறமாகவும் இருக்கும். பல புள்ளிகள் ஒன்றோடொன்று கூடினால் இலை தீய்ந்தாற்போல் காயும். இளம் நாற்றில் இது கடுமையானால் நாற்றே மடிந்துபோகும்.

இரண்டாவது, கழுத்துக் குலை. கதிருக்குச் சற்றுக் கீழே தண்டு கறுத்துச் சுருங்கி, கதிர் ஒடிந்து தொங்கும். மூன்றாவது, விரல் குலை. கதிரின் விரல்களில் ஒன்றோ பலவோ நுனியிலிருந்து அடிநோக்கிப் பழுத்துப் பதராகும். இலையில் வரும் நோயைப் பயிர் ஒருவாறு தாங்கிக்கொள்ளும். கழுத்திலும் விரலிலும் வரும் நோயே களத்து மேட்டில் கணக்கைக் குறைக்கிறது. பால் பிடிக்கும் பருவத்துக்கு முன் கழுத்து அடைபட்டால் அக்கதிரில் மணியே இராது. பின்னர் அடைபட்டால் சூம்பிய மணி கிடைக்கும்.

இராஜதானியில் இந்நோயின் வரலாறு

இந்நோய் புதியதன்று. சீன தேசத்தில் 1637-ஆம் ஆண்டிலேயே நெல்லுக்கு வரும் காய்ச்சல் என்று இதைக் குறித்திருக்கிறார்கள். தென்னாட்டில், 1919-ஆம் ஆண்டு தஞ்சாவூர் டெல்டாவில் நெற்பயிரை இது பெருவாரியாக அழித்தபோதுதான் விவசாய இலாகாவின் கவனம் இதன்மேல் திரும்பியது. அக்காலத்தில் சென்னை இராஜதானியின் அரசாங்கப் பூசணவியல் நிபுணராயிருந்த மக்ரே என்பவர், அதே டெல்டாவில் கேழ்வரகிலும் இந்நோய் இருப்பதை 1920-இல் வெளியிட்டார். இந்தியாவில் கேழ்வரகுக் குலைநோயைப் பற்றிய முதற்குறிப்பு அதுவே.

நெல்லைத் தாக்கும் பூஞ்சாணமும் கேழ்வரகைத் தாக்கும் பூஞ்சாணமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. ஆயினும் ஒரே குடும்பத்தில் பங்கு பிரிந்த பங்காளிகளைப்போல அவை தனித்தனி வம்சங்களாய்ப் பிரிந்திருக்கின்றன. நெல்லின் வம்சம் சாதாரணமாய்க் கேழ்வரகில் நோயை உண்டாக்குவதில்லை. கேழ்வரகின் வம்சமும் நெல்லுக்குப் போவதில்லை. ஆகவே பக்கத்து நெல் வயலிலிருந்து நோய் வந்ததென்று அண்டை வயற்காரரோடு சச்சரவு கொள்வது பெரும்பாலும் காரணமற்றது.

பூஞ்சாணத்தின் உருவம்

பூஞ்சாணம் என்பது பச்சையம் இல்லாத ஒரு நுண்ணிய உயிர். தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது. பயிரின் உடலிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் உடல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகளால் ஆனது. அவ்விழைகள் புள்ளியின் சாம்பல் நிறப் பகுதியிலிருந்து வெளியே நீண்டு, நுனியில் வித்தணுக்களைத் தாங்குகின்றன. வித்தணு பேரிக்காய் வடிவமானது. இரண்டு தடுப்புகளால் மூன்று அறைகளாய்ப் பிரிக்கப்பட்டது. இவ்வடிவத்தைக் கொண்டே இதற்குப் பைரிகுலேரியா என்று பெயர் வந்தது. நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான்.

நெற்பயிரில் கணக்கிட்டவர்கள், ஈரமான ஓர் இரவில் ஒரே புள்ளியிலிருந்து ஆயிரக்கணக்கான வித்தணுக்கள் உண்டாவதாகவும், இவ்வுற்பத்தி இரண்டு வாரம் வரையில் நடப்பதாகவும் கண்டிருக்கிறார்கள். விடியலுக்கு முந்திய ஜாமத்தில் இவை காம்பிலிருந்து விடுபட்டுக் காற்றில் மிதந்து செல்கின்றன.

ஓர் இரவில் நடப்பது

வித்தணு இலையின்மேல் விழுந்ததும், ஈரம் பட்டவுடன் அதன் நுனியிலிருந்து பிசின் போன்ற பொருள் வெளிப்பட்டு அதை இலையோடு ஒட்டவைக்கிறது. இதனால் பின்னர் மழைத்துளி விழுந்தாலும் அது எளிதில் கழுவப்படுவதில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் முளை விடுகிறது. முளைக்குழாய் சிறிது தூரம் ஊர்ந்து, இலையின் தன்மையை உணர்ந்து, நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்குள் நுனியில் ஒரு குமிழாய்ப் பருக்கிறது. இக்குமிழே பூஞ்சாணத்தின் ஆயுதம்.

குமிழின் சுவரில் மெலனின் என்னும் கருநிறப் பொருள் பூசப்படுகிறது. இப்பூச்சு தண்ணீரை உள்ளே விடும். உள்ளேயுள்ள கிளிசரால் என்னும் பொருளை வெளியே விடாது. ஆகவே குமிழ் வெளியீரத்தை இழுத்து இழுத்து உப்புகிறது. இவ்வாறு அதனுள்ளே ஏறும் அழுத்தத்தை 1991-ஆம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் அளந்தபோது அது காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய எண்பது மடங்கு இருந்தது. மோட்டார் வண்டிச் சக்கரத்தில் அடைக்கும் காற்றின் அழுத்தத்துக்கு இது நாற்பது மடங்கு எனலாம். இவ்வளவு அழுத்தமும் குமிழின் அடியிலுள்ள ஊசி போன்ற ஒரு முளையின்மேல் குவிந்து, இலையின் மெழுகுத் தோலைத் துளைக்கிறது. சோதனையில் இம்முளை பிளாஸ்டிக் தகட்டையும் துளைத்திருக்கிறது.

இங்கே விவசாயிகள் மனத்தில் வைக்கவேண்டிய முக்கிய விஷயம் ஒன்றுண்டு. குமிழ் உருவாகும்போது வித்தணுவின் மூன்று அறைகளிலும் இருந்த சத்து முழுவதும் குமிழுக்கே சென்றுவிடுகிறது. வித்தணு வெறும் தோலாய் மடிகிறது. ஆகவே ஒரு வித்தணுவுக்குக் கிடைப்பது ஒரே ஒரு சந்தர்ப்பந்தான். குமிழ் முற்றி இலையைத் துளைக்கும் முன் ஈரம் காய்ந்துவிட்டால் அதன் கதை முடிந்தது. துளைத்துவிட்டால் பயிரின் கதை ஆபத்தில் வந்தது. இவ்வேலைக்குப் பத்து முதல் பதினான்கு மணி நேரம் இலை ஈரமாயிருக்க வேண்டும். ஒரு நீண்ட பனியிரவு அதற்குப் போதும்.

ஐந்து நாள் மறைவு

உள்ளே புகுந்த பூஞ்சாணம் உடனே பயிரைக் கொல்வதில்லை. முதலில் உயிருள்ள அறைகளுக்குள்ளேயே இழையை ஓட்டி, ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகிறது. அப்போது இலை வெளிப்பார்வைக்குப் பச்சையாகவே இருக்கும். ஏறக்குறைய ஐந்து நாள் கழித்தே புள்ளி கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குப் பின் சில நாட்களில் அப்புள்ளியே புதிய வித்தணுக்களை வெளிவிடத் தொடங்குகிறது.

ஆகவே கழுத்துக் கறுத்ததைக் கண்டு மருந்து தெளிப்பவர், ஒரு வாரத்துக்கு முன் திருடு போன வீட்டுக்கு இன்று பூட்டுப் போடுகிறார். சில மருந்துகளின் செயலைப் பார்த்தாலும் இது விளங்கும். நெல்லுக்குப் பெயர் பெற்ற டிரைசைக்ளசோல் என்னும் மருந்து பூஞ்சாணத்தைக் கொல்வதே இல்லை. குமிழின் மெலனின் பூச்சைத் தடுக்கிறது, அவ்வளவுதான். பூச்சில்லாத குமிழில் அழுத்தம் ஏறாது; இலை துளைபடாது. நோய் நுழையுமுன் இலைமேல் இருந்தால் அது காவல். நுழைந்தபின் தெளித்தால் வீண். தாமதித்துத் தெளித்தவர் மருந்தைப் போலியென்று நினைப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

பனியும் இரவுக் குளிரும்

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது இத்தாலுகாவின் மேட்டு நிலங்களில் தூறலும் மூட்டமும் பனியும் மாறி மாறி வருகின்றன. ஆடியில் விதைத்த பயிர் அச்சமயத்திலேயே கதிரோடு நிற்கிறது. 1960-ஆம் ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் பேராசிரியர் டி. எஸ். சதாசிவனும் அவரது குழுவினரும் நெற்பயிரில் செய்த ஆராய்ச்சியில், இரவு வெப்பம் 20 டிகிரி அளவுக்கு இறங்கும்போது பயிர் குலைநோய்க்கு எளிதில் இடங்கொடுப்பதைக் கண்டனர். பகல் எவ்வாறிருந்தாலும் இரவின் குளிரே இதில் முக்கியம். கேழ்வரகிலும் குளிர்ந்த ஈரமான நாட்களிலேயே நோய் மிகுகிறது. பனி விழுந்து கருகிற்று என்ற சொல்லின் மறுபாதி உண்மை இதுதான்: பனி கருக்குவதில்லை, பனியில் பூஞ்சாணம் வேலை செய்கிறது.

நோய் தங்கும் இடங்கள்

அறுப்புக்குப் பிறகு பூஞ்சாணம் மூன்று இடங்களில் தங்கியிருக்கிறது. முதலாவது, விதை. நோயுற்ற கதிரின் மணி வெளிக்கு நன்றாயிருந்தாலும் பூஞ்சாணத்தைச் சுமந்திருக்கக் கூடும். இரண்டாவது, தாள். ஈரம் படாத போரில் அது அடுத்த சாகுபடி வரையில் உயிரோடிருக்கும். மூன்றாவது, புல். வரப்பிலும் வழிநடையிலும் முளைத்திருக்கும், கேழ்வரகைப்போலவே விரல் விரலாய்ச் சிறு கதிர்விடும் உறவினப் புல், இதே வம்சத்துக்கு இடங்கொடுக்கிறது.

விதையின் மூலமாய் இப்பூஞ்சாணம் எவ்வளவு தூரம் செல்லக் கூடும் என்பதற்குக் கோதுமை ஓர் உதாரணம். கோதுமையைத் தாக்கும் வம்சம் 1985-இல் பிரேஸில் தேசத்தில் முதலில் காணப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அது தென்னமெரிக்காவிலேயே அடங்கியிருந்தது. 2016-இல் திடீரென்று வங்காளதேசத்தில் தோன்றி ஏறக்குறைய 15,000 ஹெக்டேர் கோதுமையில் பரவிற்று. பரம்பரைச் சோதனையில் அது தென்னமெரிக்க வம்சமே என்று தெரிந்தது. கடல் கடந்து வரக் கூடியது, பக்கத்து ஊரிலிருந்து கைமாற்றாய் வாங்கிய விதையில் வருவது அரிதன்று.

விவசாயிகள் செய்யவேண்டியவை

பூஞ்சாணத்துக்குக் கிடைப்பது ஓர் இரவு என்பதும், கண்ணுக்குத் தெரியுமுன் ஐந்து நாள் அது மறைந்திருக்கிறது என்பதும் விளங்கினால், கீழ்க்கண்டவற்றின் காரணமும் தானே விளங்கும்.

விதை: நோயற்ற வயலில், நோயற்ற கதிர்களிலிருந்தே விதை எடுக்க வேண்டும். கழுத்துக் கறுத்த கதிரைக் களத்தில் தனியே ஒதுக்கவேண்டும். விதை கிலோவுக்கு 10 கிராம் வீதம் சூடோமோனாஸ் பாக்டீரியாத் தூளைக் கலந்து விதைப்பது நல்லது. ஏக்கர் நடவுக்கு வேண்டிய விதை 2 கிலோதான். ஆகவே தூள் 20 கிராமே செலவாகும். இதைவிடக் குறைந்த செலவில் செய்யக் கூடிய காவல் வேறில்லை.

ரகம்: நோய் தாங்கும் ரகமே முதல் மருந்து. கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட கோ 4 என்னும் நெல் குலைநோயைத் தாங்கியதால், அதைப் பெற்றோராக வைத்துப் புதிய ரகங்கள் உண்டாக்கப்பட்டன. கேழ்வரகில் கர்நாடகத்தில் வெளியிடப்பட்ட ஜி.பி.யு. 28 குலைநோயைத் தாங்குவதில் பெயர் பெற்றது. பொதுவாய்ச் செம்பழுப்பு மணி ரகங்களைவிட வெள்ளை மணி ரகங்கள் நோய்க்கு எளிதில் உட்படும். ஆயினும் ஊர் முழுவதும் ஒரே ரகத்தை ஆண்டுக்கணக்காய்ப் போடுவது தகாது. பூஞ்சாணம் தன்னை மாற்றிக்கொள்ளும் தன்மையுடையது. கொரியா தேசத்தில் தொங்கில் என்னும் நெல் 1970-ஆம் ஆண்டுகளில் எங்கும் பரவி, சில ஆண்டுகளுக்குள் புதிய வம்சத்துக்கு இரையான செய்தி இதற்குச் சான்று.

உரம்: தழைச்சத்து மிகுந்தால் இலை மென்மையாகும், பயிர் அடர்ந்து ஈரம் காயத் தாமதமாகும். இரண்டும் பூஞ்சாணத்துக்கு அநுகூலம். இறவைக் கேழ்வரகுக்கு ஏக்கருக்குத் தழைச்சத்து 24 கிலோவும், மணிச்சத்து, சாம்பல்சத்து ஒவ்வொன்றும் 12 கிலோவும் போதும். தழைச்சத்தில் பாதியை அடியுரமாகவும், மீதியை இரண்டு தவணையாகவும் இடவேண்டும். பயிர் கருமையாய் இருப்பதைக் கண்டு பெருமைப்பட்டு யூரியாவைக் கூட்டுவது நோயை அழைப்பதாகும்.

ஈரம்: வரிசை நடவு செய்து காற்றோட்டத்துக்கு வழி விடவேண்டும். தெளிப்பு நீர்ப்பாசனம் உடையவர்கள் மாலையில் நீர் தெளிக்கலாகாது. மாலையில் நனைந்த இலை காலை வரையில் காயாது. காலையில் தெளித்தால் உச்சிப் பொழுதுக்குள் காய்ந்துவிடும்.

சுத்தம்: நாற்றங்காலைத் தாள் போரின் அருகே அமைக்கலாகாது. நோய்கண்ட தாளை மாட்டுக்குப் போடுவதானால் அடுத்த விதைப்புக்கு முன் தீர்த்துவிட வேண்டும். வரப்பிலுள்ள உறவினப் புல்லைக் கதிர்விடுமுன் செதுக்கவேண்டும். பக்கத்து வயல்கள் கூடியமட்டும் ஒரே வாரத்தில் விதைக்கப்படுவது நல்லது; முந்திய வயலின் புள்ளிகள் பிந்திய வயலின் கழுத்துக்கு வித்தணுவைத் தருகின்றன.

காவல் தெளிப்பு: கதிர் வெளிவரும் தருணமே காவலுக்குரிய தருணம். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, தினமும் காலை எட்டு மணிக்கு வயலின் நடுவே நடந்து பார்க்கவேண்டும். அப்போதும் வேட்டி நனையுமாயின், முந்திய மாலை முதல் இலை பன்னிரண்டு மணி நேரம் ஈரமாயிருந்தது என்று அறியலாம். கதிர் வெளிவரும்போது இவ்வாறு அடுத்தடுத்து மூன்று நாள் நேர்ந்தாலும், இலையில் கண் புள்ளிகள் ஏற்கெனவே இருந்தாலும், கழுத்துக் கறுக்கும் வரையில் காத்திராமல் உடனே தெளிக்கவேண்டும். சூடோமோனாஸ் தூளை லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் வீதம் கலந்து தெளித்து, பத்துப் பதினைந்து நாளில் மறுமுறையும் தெளிக்கலாம். இரசாயன மருந்தானால் எதற்கு அனுமதி உண்டு, எவ்வளவு அளவு என்பதை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரித்தே வாங்கவேண்டும். கடைக்காரர் சொல்லை மட்டும் நம்பலாகாது. வானம் வறண்டு இலை விரைவில் காய்ந்துவரும் ஆண்டில் தெளிக்காமலே இருக்கலாம். அந்தச் செலவு மிச்சமாவதும் லாபமே.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

ஒரு வயலில் நோய் தோன்றினால் அது ஊருக்கே அறிவிப்பாகும். அடங்கலுக்காகப் பயிர் பார்க்கச் செல்லும்போது, கேழ்வரகு நாற்றங்கால்களிலும் இளம் பயிரிலும் கண் வடிவப் புள்ளிகள் உள்ளனவா என்று கவனித்து, கண்ட நாளையும் புலத்தையும் குறித்து வேளாண்மை அலுவலருக்குத் தெரிவித்தால், மற்ற வயல்களின் கழுத்துகளைக் காக்க அவகாசம் கிடைக்கும். நோய் இன்னதென்று சந்தேகமானால், புள்ளியுள்ள இலைகளைக் காகிதத்தில் மடித்து, இத்தாலுகாவிலேயே பாப்பாரப்பட்டியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அனுப்பலாம். பிளாஸ்டிக் பையில் இட்டால் வழியிலேயே அழுகிவிடும்.

ஆராய்ச்சி நூல்களில் கேழ்வரகுக் குலைநோயால் வரும் நஷ்டம் சராசரி 28 சதவீதம் என்று குறிக்கப்பட்டிருக்கிறது. நாலு மூட்டையில் ஒரு மூட்டைக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். அம்மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவருவதற்குப் பெரிய யந்திரமோ பெருஞ்செலவோ தேவையில்லை. 20 கிராம் தூளும், அளவான யூரியாவும், கதிர் வெளிவரும் நாட்களில் காலை எட்டு மணிக்கு வயலில் ஒரு நடையும் போதும்.